எந்தப் பிச்சை?

1

இந்தக் கதை ஒரு வெள்ளைத் தாளிலிருந்து வந்தது.

தாராவியில் தொண்ணூறு அடிச் சாலையை விட்டு ஒரு சந்து பிரியும் இடத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தது. கோட்டும் டையும் அணிந்த ஒருவரின் மார்பளவுப் படம். கீழே பெரிய எழுத்தில் பிச்சை என்ற பெயர். பெயருக்குப் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி. அதற்குள் ஏதோ அச்சாகியிருந்தது. அதன்மேல் வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டியிருந்தார்கள். தாளின் ஒரு முனை பசை விட்டு எழும்பி ஆடிக்கொண்டிருந்தது. எட்டிப் பிடித்துத் தூக்கிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

அந்தப் பிச்சை யார் என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை. இனி வருவதெல்லாம் அந்தத் தாளுக்கு அடியில் நான் வைப்பது. பெயரைத் தவிர எதுவும் அவருடையது அல்ல.

2

முதல் தொடக்கம்: "அப்பா போய்விட்டார் என்று போன் வந்தபோது பொன்செல்வி ஐரோலியில் அலுவலக மின்தூக்கிக்குள்"

வேண்டாம். போனில் வரும் சாவுகள் கதைகளில் நிறைய ஆகிவிட்டன.

இரண்டாம் தொடக்கம்: "பிச்சையின் வலது பாதம் பிறக்கும்போதே உள்பக்கம் மடங்கித் திரும்பியிருந்தது."

இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்கினால் கடைசி வரி வரை அவர் அந்தப் பாதமாகவே இருப்பார். பேனர் அடித்தவர்கள் செய்ததும் அதுதானே என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். கதையும் அதைத்தான் கேட்கிறது.

மூன்றாவது: "எந்தப் பிச்சை?" என்று கேட்டார் திருவேங்கடம்.

இதை வைத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கேள்விக்கு வருவதற்கு முன் திருவேங்கடத்தைச் சொல்லவேண்டும்.

திருவேங்கடம் ஊர்ச் சங்கத்தின் செயலாளர். தென்பாண்டிச் சீமையில் ஒரே ஊரிலிருந்து வந்து தாராவியில் குடியேறிய குடும்பங்களுக்கான சங்கம் அது. யார் இறந்தாலும் பேனர் அவர் பொறுப்பு. காலையில் ரயிலுக்கு ஓடுகிறவர்கள் சந்து முனையில் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். ஆள் யாரென்று தெரிந்தால் அப்படியே திரும்பிச் சாவு வீட்டுக்கு வருவார்கள். தெரியாவிட்டால் ரயிலுக்குப் போய்விடுவார்கள். நின்று விசாரிக்க அந்த நேரத்தில் யாருக்கும் முடியாது. ஆகவே பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி கட்டாயம். அந்த ஊரில் தலைப்பிள்ளை பிழைக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு பிச்சை என்று பெயர் வைப்பார்கள். அதனால் ஒரு சந்துக்குள்ளேயே மில் பிச்சை, கருத்த பிச்சை, சோடாக்கடை பிச்சை.

(அடைப்புக்குறிக்குள் தொழில் வரும். நிறம் வரும். உடம்பில் ஏதாவது இருந்தால் அது வரும். குணத்தை வைத்து ஒருவருக்குப் பெயர் வந்து நான் பார்த்ததில்லை.)

3

அந்தச் சொல்லைப் பற்றி.

ஊனம் என்பது சான்றிதழில் இருக்கும். வாயில் வராது. அங்கஹீனம் கோயில் காரியம் பார்க்கிறவர்களின் சொல். மாற்றுத்திறனாளி மேடையில் வரும், மைக் கையில் இருக்கும்வரை. மும்பையின் லோக்கல் வண்டிகளில் அவர்களுக்கென்று ஒதுக்கிய பெட்டியின் மேல் அபங் என்று ஒரு காலத்தில் எழுதியிருந்தது. பிறகு விகலாங். இப்போது திவ்யாங், தெய்வீக அங்கம். பெட்டி அதே பெட்டி. படிக்கட்டின் உயரமும் அதே உயரம்.

சந்தில் புழங்கும் சொல் நொண்டி.

குழந்தைகள் ஒற்றைக் காலில் ஆடும் ஆட்டத்துக்கு அதே பெயர். வேலைக்கு வராதவன் சொல்வது நொண்டிச் சாக்கு. மேஜையின் ஒரு கால் குட்டையானால் மேஜை நொண்டுகிறது. வியாபாரம் நொண்டி அடிக்கிறது. நாளெல்லாம் இத்தனை இடத்தில் இந்தச் சொல் புரள்கிறது. யாரும் யாரையும் நினைத்துச் சொல்வதில்லை. நினைக்கப்படாத அந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்.

இன்னொன்று. அதில் அந்தச் சொல்லே இல்லை. பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்தால் எல்லோரும் சொல்வது: ஆணோ பெண்ணோ, கை கால் சுகமாகப் பிறந்தால் போதும். ஆசீர்வாதம்தான். அதையும் அந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார்.

(இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கிறது. எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். எடுத்தால் பொன்செல்வியின் கோபத்துக்கு ஆதாரம் இல்லாமல் போகிறது. இருக்கட்டும்.)

4

பிச்சையின் மகள் பொன்செல்வி ஆட்டோவை விட்டு இறங்கியதும் பார்த்தது பேனரைத்தான். அப்பா விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. அவள் ஐரோலியிலிருந்து வந்து சேர்வதற்குள் திருவேங்கடம் பேனரை அடித்துக் கட்டிவிட்டார்.

அப்பாவுக்குக் கோட்டு கிடையாது. படக்கடைக்காரன் ஆதார் அட்டையின் தலையை வெட்டி வேறு யாருடைய உடம்பிலோ வைத்திருந்தான். எல்லாப் பேனருக்கும் அதே உடம்புதான்.

அவள் ஆங்கிலப் பள்ளியில் படித்தவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். பி. ச். சை. அப்பாவின் பெயர் என்று தெரிந்தது. பிறகு அடைப்புக்குறிக்குள் போனாள். நொ. ண். டி. வேகமாகப் படிக்கத் தெரிந்திருந்தால் ஒரே வெட்டாகப் போயிருக்கும். அவளுக்கு அது மூன்று முறை வெட்டியது.

பள்ளியில் அவள் நொண்டி மகள். தண்ணீர்க் குழாயடியில் நொண்டி வீட்டுக் குடம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த அன்று அப்பாவை முன்கூட்டியே நாற்காலியில் உட்காரவைத்து, அவர்கள் போகும்வரை எழவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். சொன்னது யார் என்பதை நான் எழுதவில்லை. அப்பா எழவில்லை. கல்யாணம் நடந்தது. இன்று மாமனார் வீட்டார் மாட்டுங்காவிலிருந்து வருவார்கள். அலுவலகத்திலிருந்து வருவார்கள். இந்தப் பேனருக்கு அடியில் நடந்துதான் வரவேண்டும்.

அந்தச் சொல்லை எடுக்கச் சொன்னாள்.

திருவேங்கடம் இதற்கு முன் யாரும் கேட்காததைக் கேட்டவர் போலப் பார்த்தார். அவமானப்படுத்த வைத்தது இல்லை என்றார். அவருக்கே நாளை பேனர் அடித்தால் மாறுகண் என்று போடுவார்கள், போடட்டும் என்றார். சிரிக்க முயன்றார். அவள் சிரிக்கவில்லை.

"எங்கப்பா பேரு பிச்சை. அது போதும்."

"எந்தப் பிச்சை?" என்று கேட்டார் திருவேங்கடம். "எம்மா, நான் கேக்கல. பாக்குதவன் கேப்பான். இத எடுத்தா ஆளு வராது, பாத்துக்கோ."

"வராட்டி போகட்டும் சித்தப்பா. அம்பது வருஷம் கூப்பிட்டாச்சு. இன்னிக்கு ஒரு நாளாவது பந்த் பண்ணுங்க, நிறுத்துங்க."

அவர் பால் கடையில் வெள்ளைத் தாள் வாங்கி, ஏணியில் தாமே ஏறி, சொல்லின் அளவுக்கு வெட்டி ஒட்டினார். அடைப்புக்குறிகளை மறைக்க அவருக்குத் தோன்றவில்லை.

5

ஆள் வரவில்லை.

பேனரைப் பார்த்தவர்கள், பல நாளாகப் படுக்கையில் கிடந்த மில் பிச்சைதான் போய்விட்டார் என்று நினைத்தார்கள். சிலர் ரோஜா மாலையோடு அவர் வீட்டுக்குள் நுழைந்தார்கள். மில் பிச்சை கண்ணைத் திறந்து மாலையைப் பார்த்தார். யாருக்குல இது என்று கேட்டார். அவர்களில் சிலர் விசாரித்துக்கொண்டு இங்கே வந்தார்கள். மற்றவர்கள் வெட்கப்பட்டு வேலைக்குப் போய்விட்டார்கள்.

(இந்த இடத்தில் நீங்கள் சிரித்திருந்தால் தவறில்லை. எழுதும்போது எனக்கும் வந்தது.)

அப்பா வேலை பார்த்த டோம்பிவிலி பாத்திரக் கடையிலிருந்து முதலாளி மட்டும் வந்தார். மாமனார் வீட்டார் வந்து, கோட்டுப் படத்தைப் பார்த்து, நல்ல படம் என்றார்கள். சயான் சுடுகாட்டுக்குப் போகும்போது தோள் மாற்ற ஆள் போதவில்லை. திருவேங்கடம் கடைசிவரை மாற்றாமல் தூக்கினார். பொன்செல்வியை அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

6

இந்த இடத்தில் ஒருவர் வரவேண்டும். கிட்டு. அவரைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அவர் வரும் நேரம் மிகச் சரியாக இருக்கிறது. கதைக்காரன் அனுப்பிய ஆள் என்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். உண்மைதான், நான்தான் அனுப்புகிறேன். வேறு வழி தெரியவில்லை.

கிட்டு மாட்டுங்காக்காரர். பாலக்காட்டிலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம். தாணேயில் ஒரு கம்பெனியில் கிளார்க். சிறு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. முழங்காலுக்கு மேல்வரை இரும்புப் பட்டை. காலையில் ஒதுக்கிய பெட்டியில் மாட்டுங்காவில் ஏறுவார். ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொள்வார். அடுத்த நிலையம் சயான். அங்கே பிச்சை ஏறியதும் பையை எடுப்பார். "வாடா நொண்டி" என்பார். "தள்ளி உக்காருல நொண்டி" என்பார் பிச்சை. தாணே வரை பேச்சு. தினமும்.

அந்தப் பெட்டியில் தமிழ் தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு அதுதான் இருவருக்கும் பெயர் என்று நினைத்தார்கள். "ஆவோ நொண்டி பாய்" என்று இடம் விடுவார்கள். இருவரும் திருத்தவில்லை. உலகத்தில் அந்தச் சொல் ஒன்றையும் குறிக்காமல் வெறும் பெயராக இருந்த இடம் அந்தப் பெட்டி ஒன்றுதான்.

(இரண்டு பேரிடமும் மற்றவருடைய போன் நம்பர் இல்லை. நம்ப முடியவில்லையா? ஒரே வண்டியில் போகிறவர்கள் நம்பர் வாங்குவதில்லை. நாளைக் காலை பார்க்கத்தானே போகிறோம்.)

சுடுகாட்டுக்குப் போய்வந்து ஒரு வாரம் கழித்துப் பொன்செல்வி பால் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒருவர் மெதுவாக வந்து கடை முன்னால் நின்றார். வியர்த்திருந்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா, இங்கே நொண்டிப் பிச்சைன்னு ஒருத்தன் இருக்கானே, அவன் வீடு எது?"

அவள் முகத்தைப் பார்த்தாள். காலைப் பார்க்கவில்லை. தாளை ஒட்டியும் வருகிறதே என்றுதான் அவளுக்கு இருந்தது.

"அப்படி யாரும் இங்க இல்ல."

"கால் இப்படி உள்ளே..." கையை மடக்கிக் காட்டினார். "ஒரு வாரமா வண்டிக்கு வரலை. பால் கடைச் சந்துன்னு சொல்லியிருக்கான்."

"இல்லன்னு சொல்றேன்ல."

அவர் தலையைத் தூக்கிப் பேனரைப் படித்தார். பெயரில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு படத்துக்குப் போனார். முகம் தெளிந்தது.

"ஒரு நிமிஷம் பயந்துட்டேன். இவர் யாரோ பாவம், பெரிய மனுஷர், கோட்டெல்லாம் போட்டுண்டு. அவன் சட்டையில பொத்தானே இருக்காது." சிரித்தார். "ஊருக்குப் போயிருப்பான் நொண்டி. சொல்லாம போயிருக்கான் பாரு. வரட்டும், வச்சுக்கறேன்."

திரும்பி நடந்தார். சாக்கடைக் கல்லைத் தாண்டும்போது இடது தொடையைக் கையால் பிடித்துத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். இரும்பு கல்லில் பட்டுச் சத்தம் கேட்டது. பொன்செல்வி அப்போதுதான் பார்த்தாள்.

ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம். அவர் வேகமாக நடக்கக்கூடியவர் அல்ல.

நான் அவளை ஓடவைத்துப் பார்த்தேன். "பொன்செல்வி ஓடினாள். ஐயா என்று" என எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதினேன். அவள் ஒவ்வொரு தடவையும் கடை வாசலிலேயே நின்றாள். இரும்புச் சத்தம் பஸ் சத்தத்தில் கலந்து போகும்வரை நின்றாள்.

7

அம்மாவிடம் போய்ச் சொன்னாள். தங்கமயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"வண்டிக்கார நொண்டிடீ அது, ரயிலுல கூட வாரவிய. ஒங்கப்பாவுக்கு இடம் போட்டு வச்சிருப்பாவளே. கருவாட்டுக் குழம்பு கொண்டுபோன அன்னைக்கு மூக்கப் பொத்திக்கிட்டு எதுத்தாப்புல போயி உக்காந்துட்டாவளாம். ஒங்கப்பா வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாவ."

பெயர் என்ன என்று கேட்டாள் மகள்.

"பேரா? நொண்டின்னுதான் சொல்லுவாவ. பேரு ஒருநாளும் சொன்னதில்ல."

(கிட்டு என்பது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். பொன்செல்விக்குத் தெரியாது. இந்தக் கதை முடியும்வரை தெரியப்போவதில்லை.)

பிறகு தங்கமயில், கேட்காமலே, இன்னொன்று சொன்னாள். பொன்செல்வி பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார்கள். அப்பா பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆணா பெண்ணா என்றும் கேட்கவில்லை. துணியைக் கீழ்ப்பக்கமாக விலக்கினார். இரண்டு பாதத்தையும் உள்ளங்கையில் ஏந்தி, ஒட்டிவைத்துப் பார்த்தார். இரண்டும் நேராக இருந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"அதுக்கப்புறம் ஒன்ன யாரு என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் அவியளுக்குக் கவல இல்ல. கால் அவியளுது மாதிரி இல்லேல்லா."

பொன்செல்வி எழுந்து வெளியே போனாள். பேனரில் தாள் இன்னும் ஒட்டியிருந்தது. ஒரு முனை எழும்பியிருந்தது. அவள் தொடவில்லை. என்னைப் போலவே.

8

முடிவு ஒன்று. மறுநாள் காலை பொன்செல்வி சயான் நிலையத்துக்குப் போகிறாள். ஒதுக்கிய பெட்டி வந்து நிற்கும் இடத்தில் காத்திருக்கிறாள். ஜன்னலில் கிட்டு. அவள் சொல்கிறாள். அவர் அழுகிறார். பக்கத்து இருக்கையிலிருந்து பையை எடுத்து அவளை

இல்லை. வண்டி அங்கே அழுது முடிக்கும் அளவுக்கு நிற்காது.

முடிவு இரண்டு. அவள் போகவில்லை. கிட்டு ஓய்வு பெறும்வரை பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டு போகிறார். ஊரிலிருந்து இன்னும் வரவில்லையா என்று யாராவது கேட்டால், வருவான், நொண்டிக்கு வேகம் வராது என்கிறார். இது நடக்கக்கூடியது. இப்படித்தான் பெரும்பாலும் நடக்கும். ஆனால் அந்த இரும்புச் சத்தத்தைக் கேட்ட பிறகு என்னால் அவளை வீட்டில் உட்காரவைக்க முடியவில்லை.

ஆகவே அவள் போகிறாள். ஒரு விஷயம் மட்டும் மாறுகிறது. கூட்டம். பெட்டியின் வாசலை மறித்து ஊன்றுகோலோடு ஓர் இளைஞன் நிற்கிறான். அவன் பெயர் ஜீஷான். அவனுக்குப் பின்னால் தோள்களும் பைகளும். ஜன்னல் பக்கம் எதுவும் தெரியவில்லை.

மேடம், இது திவ்யாங் பெட்டி, லேடீஸ் முன்னால் இருக்கிறது என்று அவன் இந்தியில் சொல்கிறான்.

ஏற வரவில்லை என்கிறாள். ஒருவரைத் தேடுகிறேன். காலில் இரும்பு போட்டிருப்பார். அவன் திரும்பி உள்ளே பார்க்கிறான். இங்கே எத்தனை பேர் இரும்பு போட்டிருக்கிறார்கள் என்பதை அவள் அப்போதுதான் பார்க்கிறாள். பெயர் என்ன என்கிறான். தெரியாது. பின்னே உங்களுக்கு என்ன வேண்டும் என்கிறான். கோபமாக அல்ல, வண்டி கிளம்பப்போகிறது.

"மை பிச்சை கீ பேட்டி ஹூன்." பிச்சையின் மகள் நான் என்கிறாள்.

"கௌன் பிச்சை?" எந்தப் பிச்சை என்றுதான் அவனும் கேட்கிறான்.

பிச்சை என்று யாரையும் அந்தப் பெட்டியில் யாருக்கும் தெரியாது. அது உங்களுக்குத் தெரியும். எந்தச் சொல்லைச் சொன்னால் ஜீஷான் முகம் மலர்ந்து, அட, நம்ம ஆளா என்று உள்ளே திரும்பிக் குரல் கொடுப்பான் என்பதும் உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவளிடம் இருப்பது அதே சொல்தான். ஆனால் அவள் கையில் அது வேறு பொருள்.

வண்டி அசைகிறது. உள்ளே ஜன்னலோரம் ஒருவர் பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டு, சயான் வந்துவிட்டதால், வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பொன்செல்வி கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிறாள். வாயைத் திறக்கிறாள்.

"(                    ) பிச்சை."

தாளை நான் தூக்கப்போவதில்லை. முனை உங்கள் பக்கம் எழும்பியிருக்கிறது. வண்டி நடைமேடையை விட்டு வெளியேற இன்னும் நாலைந்து பெட்டிகள் இருக்கின்றன.